பச்சை உடம்புக்காரியைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள்

மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்களுக்கு,

கடந்த மார்ச் மாதம் எங்கள் ஊர் தாய்சேய் நலக் கிளினிக்கின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஒன்பதாம் கட்டைக்கு அப்பால் உள்ள மூன்று தோட்டங்களிலும், பழைய ஆலைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீடுகளிலும் ‘வெள்ளை’ குறியீடு (தாதி பார்த்தால் போதும் என்று புத்தகத்தில் ஒட்டும் நிறம்) பெற்ற தாய்மார்களைப் பிரசவத்திற்குப் பிறகு தாதியர் இனி வீட்டுக்கு வந்து பார்க்கமாட்டார்கள், அவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. காரணம் ஆள் பற்றாக்குறையாம். அதற்கு ஏழு மாதம் முன்னால், இந்த வட்டாரத்தில் தமிழ் பேசிய ஒரே சமூகத் தாதி வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டார். அவர் இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது.

இதைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை மலாயில் எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, மாவட்டத்தில் மனநலச் சேவை இருக்கிறது, தேவைப்படுவோர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது. இந்த முறை தமிழில், எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். இதை வாசிக்க உங்களுக்கு மொழிபெயர்ப்பவர் ஒருவர் வேண்டியிருக்கும். நான் எழுதியதை அவர் குறைக்காமல், கூட்டாமல், தன் பயத்தையோ வெட்கத்தையோ அதில் கலக்காமல் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். எங்கள் பெண்களுக்காக நான் கேட்க வந்திருப்பதும் அதைத்தான்.

நான் மலேசியாவில், இந்த ஊருக்கு அருகில் உள்ள ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது அது செம்பனைத் தோட்டம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரையிலும், பிறகு மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம் வரையிலும் படித்தேன். கொஞ்ச காலம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். பிறகு பதினொரு ஆண்டு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். கொட்டகையை மூடிய பிறகு பட்டணத்தில் தையல் வேலை. மலாய் சரளமாக வரும் என்பதால் இருபத்திரண்டு ஆண்டுகளாக, பிள்ளைத்தாய்ச்சிகளோடு கிளினிக் பெஞ்சில் உட்காருவதும் என் வேலையாகிவிட்டது. யாரும் என்னை நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. “அக்கா, நாளைக்குக் கூட வருகிறீர்களா?” என்று கேட்பார்கள், போவேன். தாதி கேட்பதைத் தமிழில் சொல்வேன், பெண் சொல்வதை மலாயில் சொல்வேன். அப்படி நான் இன்னொருத்தியின் வாயாக இருந்த ஒரு காலைப்பொழுதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மற்றதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

சென்ற ஆண்டு அக்டோபர். தமிழ்த் தாதி மாற்றலாகிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. தலைப்பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். பெயர் வேண்டாம். இதை எழுத அவள் அனுமதி தந்திருக்கிறாள், எழுதியதை அவளிடம் வாசித்தும் காட்டிவிட்டேன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இறங்கிவிட்டதா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். மாமியாரும் உடன் வந்திருந்தார்.

பிள்ளையைப் பார்த்து முடித்ததும் தாதி ஒரு தாளை எடுத்தார். அந்தத் தாள் 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது, எடின்பரோ அளவுகோல் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள். சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் வராத அளவுக்குத் துயரமா, அழுதாயா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. உன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது.

வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள் காத்திருந்தார்கள். தாதி வேகமாக வாசித்தார், நான் வேகமாகத் தமிழாக்கினேன். முதல் கேள்விக்கு மாமியார்தான் பதில் சொன்னார்: “சிரிக்கிறாளே, நேற்று என் தங்கை வந்தபோதுகூடச் சிரித்தாளே.” அதை நான் மலாயில் சொன்னேன். தூக்கத்துக்கும் அவரே பதில் சொன்னார். அந்தப் பெண் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். பத்தாவது கேள்வி வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன். “சிவசிவா, பச்சை உடம்புக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது!” என்று மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டார். அவரும் நானும் ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள். அவர் மனம் நோகக் கூடாது என்று அந்தக் கணத்தில் எனக்குப் பட்டது. “திடாக்” என்றேன் தாதியிடம், இல்லை என்று. பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. தாதி சுழியம் போட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, விடியற்காலை நான்கு மணிக்கு, செம்பனைத் தோட்டத்துக் கேட்டில் இருந்த காவலாளி அவள் வெறுங்காலோடு நடந்து வருவதைப் பார்த்திருக்கிறார். பிள்ளையைக் கைலித் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். கேட்டைத் தாண்டினால் பெரிய கால்வாய்க்குப் போகும் மண்பாதை. காவலாளி நேப்பாளத்துக்காரர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர் அவளுக்கு வழி விடவில்லை. அதட்டவும் இல்லை. தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, உட்கார வைத்து, குடுவையிலிருந்து சுடுநீர் ஊற்றிக் கொடுத்து, யாராவது வரும்வரை அவள் எதிரிலேயே நின்றிருக்கிறார். மொழி தெரியாத அவருக்கு அவள் முகம் புரிந்தது. மொழி தெரிந்த நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பக்கத்து நகரத்துப் பெரிய மருத்துவமனையில் அவளுக்கு ஏழு மாதம் சிகிச்சை நடந்தது. பாலூட்டிக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்து இருக்கிறது என்பதை அவள் குடும்பம் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைக் குறை சொல்லவில்லை. “அன்றைக்கு நீங்கள் அத்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள், அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

என் தவற்றை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் டாக்டர், அந்த நாற்காலியில் நான் ஏன் உட்கார்ந்திருந்தேன் என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் உயிரும் பிள்ளையின் உயிரும் தொங்குகிற கேள்வியை, பயிற்சி இல்லாத ஒரு தையற்காரியின் வாய்க்கு ஓர் அரசாங்கக் கிளினிக் எப்படி விட்டது? இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை என் கையில் கொடுத்திருப்பீர்களா?

அந்தத் தமிழ்த் தாதி என்ன செய்வார் என்று சொல்கிறேன், அப்போதுதான் நீங்கள் எதை மாற்றலில் அனுப்பிவிட்டீர்கள் என்று தெரியும். மோட்டார் சைக்கிளில் வருவார். பிள்ளையை நிறுப்பார், தொப்புளைப் பார்ப்பார், தாயின் தையலைப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் மாமியாரையோ அம்மாவையோ பார்த்து, “அம்மா, ஒரு கோப்பி போட்டுக் கொடுங்களேன், வெயிலில் வந்தேன்” என்பார். எந்த வீட்டில் மறுப்பார்கள்? அவர் சமையற்கட்டுக்குப் போய்த் தண்ணீர் கொதிக்கும் வரை உள்ள நேரம்தான் தாதிக்கு வேண்டியது. “இப்போது சொல்லு, எப்படி இருக்கிறாய்?” என்று கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவார். எத்தனையோ வீடுகளில் அந்தச் சில நிமிடங்களில்தான் அழுகை வெளியே வந்தது. கோப்பி வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் நேரம் இருக்கும். அவர் எதையும் அம்பலப்படுத்தமாட்டார். மறுநாள் வேறு ஏதோ காரணம் சொல்லி டாக்டரிடம் வரச் சொல்வார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போவதை நிறுத்தியபோது நீங்கள் மிச்சப்படுத்தியது பெட்ரோலை. இழந்தது அந்தத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தை.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு மலாய் தெரியாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்குத் தெரியும். கடையில் பேசவும், விண்ணப்பப் பாரம் எழுதவும், மேற்பார்வையாளரிடம் விடுமுறை கேட்கவும் தெரியும். ஆனால் இரண்டு வாரம் தூங்காதவளுக்கு, தன் பிள்ளையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று சொல்ல நேரும்போது, அந்த மொழி வாய்க்கு வருவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் செய்து வந்த பெண்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. சொல்லும் சொற்களும் தாளில் இருக்கும் சொற்கள் அல்ல. ‘மனச்சோர்வு’ என்று எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் சொல்லி நான் கேட்டதில்லை. நெஞ்சை அடைக்கிறது என்பார்கள். தலை கனக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, சோறு இறங்கவில்லை என்பார்கள். ஒருத்தி, “எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது” என்றாள். நான் சொல்லுக்குச் சொல் மலாயில் சொன்னேன். தாதி அன்பாகச் சிரித்து, அம்மா வீட்டுக்குப் போய்ச் சில நாள் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார். தமிழ்க் காதில் அந்த வாக்கியம் விழுந்திருந்தால் அங்கேயே நிறுத்தி, எங்கே போகத் தோன்றுகிறது என்று கேட்டிருப்பார்கள்.

உங்கள் தாதியரை நான் குற்றம் சாட்டவில்லை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு உழைக்கும் பெண்கள் அவர்கள். அவர்களிலும் பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் யார் கேட்டார்கள் என்றும் எனக்கு ஐயம் உண்டு.

‘வெள்ளை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கர்ப்பிணியின் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் நீங்கள் ஒட்டும் நிறங்கள் எனக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் நிபுணர் அல்லது டாக்டர் பார்க்க வேண்டும். பச்சை என்றால் டாக்டரும் தாதியும் சேர்ந்து கவனிப்பார்கள். வெள்ளை என்றால் தாதி பார்த்தால் போதும். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். 1957-இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 200-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த நாடு இது. என் பாட்டியின் தங்கை தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிள்ளை பெற்று இரத்தம் நிற்காமல் செத்தவர். கிராமத்துக் கிளினிக்கும், வீடு வீடாகப் போன மருத்துவச்சிகளும், இந்த நிறப் புத்தகமும் சேர்ந்துதான் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. 1991 முதல் இந்த நாட்டில் பிரசவத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு தாயின் மரணத்தையும் எடுத்து, எங்கே தவறியது என்று ரகசியமாக விசாரிக்கிறீர்கள். எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் அந்த வெள்ளை, இரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, இரத்தச் சோகை இல்லை என்பதைத்தான் சொல்கிறது. அவள் மனத்தைப் பற்றி முன்பே ஏதாவது பதிவாகியிருந்தால்தான் நிறம் மாறும். பதிவாக வேண்டுமானால் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் வெள்ளை. வெள்ளை என்பதால் வீட்டுக்கு வரமாட்டீர்கள். வராததால் கேட்கவும்மாட்டீர்கள். கேட்டை நோக்கி வெறுங்காலோடு நடந்து போனவளின் புத்தகமும் வெள்ளைதான்.

நாள் கணக்கையும் பாருங்கள். பிரசவமான மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாட்களில் பல பெண்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் அது தானாக வடிந்துவிடும். வடியாமல் நின்றால்தான் நோய். இன்னும் கடுமையானது ஒன்று உண்டு. ஆயிரம் பிரசவத்தில் ஒருத்திக்கோ இரண்டு பேருக்கோ, பெரும்பாலும் அந்த முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே, மனம் முற்றாகக் கலைந்துபோகும். இல்லாத குரல் கேட்கும், பிள்ளை தன் பிள்ளை இல்லை என்று தோன்றும். எங்கள் பாட்டிமார் இதைப் பிரசவச் சன்னி என்று அறிந்திருந்தார்கள். மருத்துவமனையில் உடனே சேர்க்க வேண்டிய அவசர நிலை இது. ஆக, இந்த அடையாளங்களில் பல இந்த முதல் இருபது நாளிலேயே தெரியத் தொடங்குகின்றன. நீங்கள் வெட்டியதும் சரியாக அந்த நாட்களை.

2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள், தந்தைக்கு 7 நாள் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம். எங்கள் பக்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பையன்கள் பலர் அந்த ஏழு நாளையும் கண்டதில்லை. கண்டவனும் எட்டாம் நாள் விடிவதற்கு முன்பே வேன் ஏறித் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறான். நான்காம் மாடியில், மின்தூக்கி இல்லாத வீட்டில், அவள் தனியாக இருக்கிறாள். லயத்தில் இருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுவது கேட்டு யாராவது எட்டிப் பார்ப்பார்கள். ஆயாக் கொட்டகை இருந்தது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிந்து, சனங்கள் அடுக்குமாடிக்குப் போன பிறகு கதவுகள் மூடியே இருக்கின்றன. கிளினிக்குக்கு வா என்கிறீர்கள். ஒன்பதாம் கட்டையிலிருந்து வாடகைக் காருக்குப் போகவர முப்பத்தாறு வெள்ளி (ரிங்கிட்). மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் வீட்டில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதைச் செலவழிப்பார்கள். “எனக்கு மனம் சரியில்லை” என்று எந்தப் பெண் முப்பத்தாறு வெள்ளி கேட்பாள்?

எனக்கே நடந்தது என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். 1989-இல் இரண்டாவது மகன் பிறந்தான். பத்தாம் நாளிலிருந்து எனக்குப் பிள்ளை அழுவது தூரத்தில் எங்கேயோ அழுவதுபோல் கேட்டது. பால் கட்டி மார்பு நெருப்பாகக் கொதித்தாலும் தூக்கத் தோன்றாது. தீட்டு வீட்டில் முப்பது நாள். பத்தியச் சோறும் பிரசவ மருந்தும் தவறாமல் வந்தன, வெந்நீர் வந்தது, வயிற்றைக் கட்டிவிட ஆள் வந்தார். உடம்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துக் காற்றுக் கருப்பு பட்டிருக்கும் என்று முனியாண்டி கோயில் பூசாரியை அழைத்து வந்தார்கள். தோட்டத்து மருந்தகத்தில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் அப்படியே இருந்தேன். என் மகன் முதன்முதலாகக் குப்புறப் படுத்தது, உட்கார்ந்தது எதுவும் எனக்கு நினைவில்லை. அவனுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவனிடம் நான் பேசியதில்லை. இந்த மடலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து எனக்கு ஒத்தடம் கொடுத்தவர். அன்று கிளினிக்கில் என் பக்கத்தில் இருந்த அந்த மாமியாரும் கெட்டவர் இல்லை. இவர்களுக்கும் ஒரு காலத்தில் நடந்திருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருப்பார்கள். மருமகளும் கடந்துவிடுவாள் என்று நம்புகிறார்கள். ஆனாலும் அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது கேட்பதாகாது. கணவன் இருந்தால் இன்னும் மோசம். 2016-இல் நாடு முழுவதும் கிளினிக்குகளில் 5,727 தாய்மார்களிடம் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், கணவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இந்த நோய் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அடிக்கிறவனையே மொழிபெயர்க்கச் சொன்னால் அவள் என்ன சொல்வாள்?

அதே ஆய்வில் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு 4.4 விழுக்காடு என்று வந்தது. வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பகாலத்திலேயே 15.6 விழுக்காடு. நம் பெண்கள் அவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்கள் என்றால் என்னைவிட மகிழ்கிறவர்கள் இருக்கமாட்டார்கள். ஆனால் நானே ஒரு சுழியத்துக்குக் காரணமாக இருந்தவள். எங்கள் ஊர்த் தாள்களில் இப்படி இன்னும் எத்தனை சுழியங்கள் இருக்கின்றனவோ என்று இரவில் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

அச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தற்கொலைக்கு முயல்வது 2023 வரை இந்த நாட்டில் குற்றம். அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் பலருக்கு இன்னும் தெரியாது. சொன்னால் போலீஸ் வரும், பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைக்கிறார்கள். இன்னொரு பிரிவு அப்படியே இருக்கிறது. தண்டனைச் சட்டம் 309ஏ. பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுதாக மீளாத ஒருத்தி, மனம் நிலைகுலைந்து தன் பச்சிளம் பிள்ளையைக் கொன்றுவிட்டால் அதைக் கொலை என்று சொல்லாமல் சிசுக்கொலை என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறது அந்தச் சட்டம். தண்டனை இருபது ஆண்டு வரை போகலாம். அதாவது பிரசவம் ஒரு தாயின் மனத்தைக் குலைக்கக்கூடும் என்பதை நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றன. பிள்ளை இறந்த பிறகு நீதிபதி கேட்கும் கேள்வியை, பிள்ளை உயிரோடு இருக்கும்போது கிளினிக் கேட்கக் கூடாதா?

பணம் இல்லை, மனநல டாக்டர்கள் இல்லை என்று சொல்வீர்கள். எல்லாவற்றுக்கும் டாக்டர் வேண்டியதில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டியின் கிராமப்புறத்தில், பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்த சுகாதாரப் பணிப்பெண்களுக்கு எளிய பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்த கர்ப்பிணிகளைத் தொடர்ந்து வீட்டில் போய்ப் பார்க்கவைத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது, அந்த வகையில் கவனிக்கப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினருக்குத்தான் நோய் நீடித்தது. பயிற்சி இல்லாதவர்கள் போய்ப் பார்த்தவர்களில் 53 விழுக்காடு. 2008-இல் வெளிவந்த முடிவு இது. பின்னர் உலகச் சுகாதார நிறுவனமே அந்த முறையைக் கையேடாக வெளியிட்டது. எடின்பரோ தாளின் தமிழ் வடிவமும் தமிழ்நாட்டில் சோதித்துச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

கிளினிக் சுவரில் 15555 என்ற மனநல உதவி எண் ஒட்டியிருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஓர் அறை வீட்டில், மடியில் பிள்ளையோடு, எல்லோர் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறவள் அந்த எண்ணை அழைத்து என்ன பேசுவாள்?

ஆகவே நான் கேட்பது இவைதான்.

மார்ச் மாதத் தாளைக் கிழித்துவிடுங்கள். நிறம் எதுவானாலும், மூன்று தோட்டங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் முதல் பத்து நாளும் இருபதாம் நாளும் தாதி வீட்டுக்கு வர வேண்டும். முன்பு வந்ததுபோல.

தமிழ் பேசும் சமூகத் தாதி ஒருவரை அந்தக் காலி இடத்தில் அமர்த்துங்கள். அது நடக்கும்வரை, இந்த ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களைத் தேர்ந்து முறையாகப் பயிற்சி கொடுத்து, ரகசியம் காக்க உறுதிமொழி வாங்கி, கூலி கொடுத்து மொழிபெயர்க்க வையுங்கள். உறவினர் யாரும், என்னைப் போன்ற பழக்கக்காரர்களும், பயிற்சி இல்லாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. நான் முதல் ஆளாகப் பயிற்சிக்கு வருகிறேன். எனக்குக் கூலி வேண்டாம்.

மனத்தைப் பற்றிய கேள்வியைப் பெண் தனியாக இருக்கும்போது மட்டும் கேளுங்கள். மாமியாரையும் கணவரையும் வெளியே இருக்கச் சொல்வது கிளினிக்கின் விதியாக இருக்கட்டும். விதி என்று எழுதி ஒட்டிவிட்டால் அவள் கேட்டு வாங்க வேண்டியதில்லை, வீட்டில் சண்டையும் வராது. தமிழ்த் தாளை வையுங்கள், வாசிக்கத் தயங்குபவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு மட்டுமல்லாமல், புத்தகம் பதியும் முதல் நாளிலும் ஏழாம் மாதத்திலும் கேளுங்கள்.

பத்தாவது கேள்விக்கு ஆம் என்று சொல்பவள் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். மதிப்பெண் கூடியவளுக்கு அந்த வாரத்துக்குள்ளேயே நாள் குறித்து, கிளினிக் வண்டியில் அழைத்துப் போக வேண்டும். வராவிட்டால் தேடிப் போக வேண்டும். தடுப்பூசிக்கு வராத பிள்ளையைத் தேடி வருகிறீர்கள் அல்லவா, அப்படி.

முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இந்த முறை ஒரே வாக்கியம் போதாது.

அடுத்த மாதம் மூன்று தோட்டங்களிலும் அடுக்குமாடியிலுமாக ஆறு பெண்களுக்கு நாள் குறித்திருக்கிறது. ஆறு பேருடைய புத்தகங்களையும் பார்த்தேன். நான்கு வெள்ளை. முதலாமவளுக்கு எட்டாம் தேதி. தாய் இல்லாத பெண், கணவன் இரவு ஷிப்டில் இருக்கிறான். அவள் வீட்டுக் கதவை யார் வந்து தட்டப் போகிறார்கள் என்று எட்டாம் தேதிக்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
கிளினிக் பெஞ்சில் இருபத்திரண்டு ஆண்டு உட்கார்ந்த ஒரு தோட்டத்துப் பெண்